விளக்கின் ஆயுளும் மூடியின் ஆயுளும்

கல்லூரி வகுப்பறைகளிலும் அலுவலகங்களிலும் மேற்கூரையை அண்ணாந்து பாருங்கள். பொருத்தியபோது பால்வெண்மையாக இருந்த எல்.இ.டி. விளக்குகளின் மூடிகள் பல, பழைய காகிதத்தின் நிறத்துக்கு மாறியிருக்கும். தூசி என்று துடைப்பவர்கள் உண்டு. புற ஊதாக் கதிரே காரணம் என்று முடித்துவிடுபவர்களும் உண்டு. துடைத்தாலும் போகாத இந்த மஞ்சளுக்கு இரண்டும் சரியான விடையல்ல.

வெள்ளை எல்.இ.டி.யின் மூலம், 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை உமிழும் சில்லு. மேலே பூசப்பட்ட ஒளிர்பொருள் அந்நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெண்மையாகின்றன. இதில் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய இல்லை. பாதரச ஆவி விளக்குகளின் காலத்து விளக்கத்தை இதற்கும் பொருத்துவது பழக்கத்தின் விளைவே.

உண்மையில் இங்கு மூன்று காரணிகள் கைகோக்கின்றன: நீல ஒளி, வெப்பம், காற்றிலுள்ள ஆக்சிஜன். விலை குறைந்த மூடிகளுக்குப் பெரிதும் பயன்படும் பாலிஸ்டைரீன், தூய நிலையில் நீல ஒளியை உறிஞ்சுவதில்லை. ஆனால் உருக்கி வார்க்கும்போதே அதில் உண்டாகும் சிறிதளவு கார்பனைல் தொகுதிகளும் மாசுகளும் உறிஞ்சுகின்றன. அங்கே பிறக்கும் தனியுறுப்புகள் ஆக்சிஜனுடன் சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடுகளாகின்றன. அவை சிதைந்து, நிறம் தரும் புதிய தொகுதிகளை உருவாக்குகின்றன. அத்தொகுதிகள் மேலும் நீலத்தை உறிஞ்சுகின்றன. மஞ்சள் மஞ்சளையே வளர்க்கிறது. வெப்பம் இவ்வினைகள் அனைத்தையும் விரைவுபடுத்துகிறது. பாலிகார்பனேட்டும் இவ்வாறே நிறம் மாறக்கூடியது. அக்ரிலிக் பெரிதும் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் விலை கூடுதல்.

இது வேதியியல் மட்டுமன்று. நுகர்வோர் உரிமையும் ஆகும். அட்டைப்பெட்டியில் '50,000 மணி நேரம்' என்று அச்சிடுகிறார்கள். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் 13 ஆண்டுகளுக்கு மேல். அத்தகைய எண்களுக்குப் பெரும்பாலும் அடிப்படையாக அமையும் எல்.எம்.-80 சோதனை, எல்.இ.டி. சில்லுத் தொகுப்பின் ஒளி எவ்வளவு குறைகிறது என்பதையே அளக்கிறது. அதில் மூடிக்கு இடமில்லை. சில்லு தேர்வெழுதுகிறது, மதிப்பெண் முழு விளக்குக்கும் வழங்கப்படுகிறது. மூடி மஞ்சளானால் நீலப் பகுதி வடிகட்டப்பட்டு ஒளி குறையும், நிறமும் பிறழும். மின்கட்டணமோ குறையாது. மூடியைத் தனியே மாற்ற வழியில்லாத விளக்கில், நல்ல சில்லும் மின்சுற்றும் சேர்ந்தே மின்கழிவாகும். 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகளை வழங்கிய நாட்டில், விளக்குகளின் உண்மையான ஆயுள் சிறு விஷயமன்று.

மலிவான பிளாஸ்டிக்தான் விளக்கை எளியோர் கைக்குக் கொண்டுவந்தது என்ற வாதம் நியாயமானதே. பாலிஸ்டைரீனைத் தடைசெய்யக் கோரவில்லை. அதை மறைக்க வேண்டாம் என்கிறேன். மூடி எந்தப் பலபடியால் ஆனது என்பதை விளக்கிலேயே அச்சிட வேண்டும். ஆயுள் எண் சில்லுக்கானதா, முழு விளக்குக்கானதா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மூடியைத் தனியே வாங்கி மாற்ற வழி வேண்டும். வாட்டையும் விலையையும் மட்டும் பார்த்து ஒப்பந்தப்புள்ளி கோரும் நம் கல்வி நிறுவனங்கள், இம்மூன்றையும் இன்றே நிபந்தனைகளாக்கலாம். எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

மாணவர்களுக்கு ஒரு சொல்: கழற்றி எறியப்படும் மூடியிலிருந்து ஒரு துண்டும், அதே வகைப் புதிய மூடியிலிருந்து ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் துறையின் நிறமாலை ஒளிமானியில் 400 முதல் 700 நானோமீட்டர் வரை ஒளி ஊடுருவலை ஒப்பிடுங்கள். எரிந்த மணிநேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். செலவு மிகக் குறைவு. இத்தகைய அளவீடுகள் பல ஊர்களிலிருந்து சேர்ந்தால், அட்டைப்பெட்டியின் எண்ணோடு வாதாட நம் கையிலும் எண்கள் இருக்கும்.