பட்டாளத்து மகன் பெயரில் பட்டா: உயில் எழுத வேண்டுமா?

தல்லாகுளத்தில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ராணுவத்தில் இருக்கும் மகன் தன் சம்பளத்தில் வாடிப்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நஞ்சை வாங்கியிருக்கிறார். பட்டா மகன் பெயரில், பாடுபடுவது அப்பா. வரும் தையில் மகனுக்குக் கல்யாணம். ராணுவத்தில் நாமினி எழுதிக் கொடுத்தாயிற்று, உயிலும் வேண்டுமா என்பது கேள்வி.

கட்டாயம் வேண்டும். அங்கே எழுதும் நாமினி சேமநிதி, குழுக் காப்பீடு போன்ற பணத்துக்குத்தான். குடும்ப ஓய்வூதியம் ராணுவ விதிப்படி போகும், அதை உயில் எழுதி மாற்ற முடியாது. நிலத்துக்கோ நாமினி என்பதே கிடையாது.

உயில் இல்லாமல் மகன் இறந்துவிட்டால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சுயமாகச் சம்பாதித்த நிலம் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சம பங்காகப் போகும். அந்த முதல் வகுப்பு வாரிசுகளில் தகப்பன் இல்லை. பலருக்கு இது தெரிவதில்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்றால் 150 சென்ட் நான்காகி ஆளுக்கு முப்பத்தேழரை சென்ட். பிள்ளைகள் மைனராக இருந்தால் அவர்கள் பங்கை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். இத்தனை வருடம் உழுத அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு வரப்புகூட இல்லை.

மகன் கொடுத்த பவர் பத்திரம் கையில் இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். கொடுத்தவர் இறந்த அன்றே பொது அதிகாரப் பத்திரமும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அதை வைத்துக் கிரயம் செய்தால் வம்புதான்.

பட்டாளத்தார் போர்முனையில் வாயால் சொன்னாலே உயில் ஆகிவிடும் என்ற பேச்சும் ஊரில் உண்டு. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 65, 66-ஆம் பிரிவுகளில் அந்தச் சலுகை இருப்பது உண்மைதான். ஆனால் இந்துக்களின் உயிலுக்குப் பொருந்தும் பிரிவுகள் என்று அதே சட்டம் தரும் பட்டியலில் இந்த இரண்டும் இல்லை. ஆகவே இந்துக் குடும்பத்துச் சிப்பாயும் மற்றவர்களைப் போலவே எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சிகள் வைக்க வேண்டும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு, அவர்கள் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயமில்லை என்றாலும், விடுப்பில் வரும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவதே நல்லது. பின்னாளில் தகராறு வந்தால் சாட்சி நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். அதனால் எங்கெங்கோ மாற்றலாகிப் போகும் சக சிப்பாயைவிட உள்ளூரில் இருக்கும், மகனைவிட வயது குறைந்த ஆட்களைச் சாட்சியாக வைப்பது உத்தமம். சொத்து பெறுகிறவரே சாட்சியாக வேண்டாம்.

என்ன எழுதுவது என்பது மகனின் விருப்பம். பெற்றோர் இருவரும் உயிருள்ளவரை நிலத்தை அனுபவிக்கலாம், பிறகு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்று எழுதினால் யார் வயிற்றிலும் அடித்ததாகாது. முழுவதையும் அப்பா பெயருக்கு எழுதச் சொல்லி மகனை நெருக்குவது, நாளைக்கு வரப்போகும் மருமகளுக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொன்று, கல்யாணத்துக்கு முன்பே அம்மாவுக்கு என்று உயில் எழுதியிருந்தால், கல்யாணம் ஆனதும் அது தானாக ரத்தாகிவிடாது. இந்துக்களின் உயில் அப்படியே செல்லும், மனைவிக்கு அந்த நிலத்தில் ஒன்றும் வராது. எனவே தைக்குப் பிறகு வரும் முதல் விடுப்பிலேயே புதிதாக எழுதிவிட வேண்டும். கடைசியாக எழுதியதுதான் செல்லும் என்பதால் தேதியைத் தெளிவாகப் போட வேண்டும்.

பதிந்த உயிலின் நகலை, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை வேறு யாரும் சார்பதிவாளரிடம் கேட்டு வாங்க முடியாது. ஆகவே மூலப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை அம்மாவிடமும் மனைவியிடமும் மகனே சொல்லி வைத்துவிட்டு முகாமுக்குத் திரும்பட்டும்.