பூங்காவை ஆளாதார் நாட்டை ஆள்வரோ?

காணி வழக்கின் வாசம் படாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் அரிது. ஆதலின் ‘உறுதி’, ‘ஆட்சி’ என்னும் இரு சொற்களை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. உறுதி பெட்டிக்குள் இருப்பது. ஆட்சி நிலத்தின் மேல் இருப்பது. வேலி அடைப்பதும், கிணறு இறைப்பதும், பனையில் ஓலை வெட்டுவதும், எல்லைக் கல்லைக் காத்து நிற்பதும் ஆட்சி. உறுதியைப் பூட்டி வைத்துவிட்டு ஆட்சியைக் கைவிட்டவன், நீதிமன்ற வாயிலில் நின்று கண்ணீர் விட்ட கதை எந்தக் கிராமத்தில் இல்லை? தனியார் காணியை மற்றொருவன் 10 ஆண்டு இடையறாது எதிரிடையாக ஆண்டுவரின், அவன் பக்கமே சட்டம் சாயும் என்பது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நமக்குப் புகட்டிய பாடம்.

சொந்தக் காணியில் ஒரு முழ வேலி நகர்ந்தாலும் துடித்தெழும் நாம், பொதுக் காணி என்றதும் கண்ணை மூடிக்கொள்கிறோம். ஊர்ப் பூங்கா நம் எல்லோர்க்கும் உரியது. ஆனால் அதன் ஆட்சி யாரிடம்? பார்த்தீனியச் செடியிடமும், கட்டாக்காலி மாடுகளிடமும், இரவில் கூடிக் குடிப்போரிடமும் அல்லவா விட்டு வைத்திருக்கிறோம்? நாடா வெட்டித் திறக்கப்பட்ட சிறுவர் பூங்காவில் ஊஞ்சலின் சங்கிலி மட்டும் தொங்குகிறது, பலகையைக் காணோம். திறந்து வைத்தவரின் பெயர் பொறித்த கல் மாத்திரம் பழுதின்றி நிற்கிறது!

இந்த நிலையில், ஆங்காங்கே சில இளைஞரும், ஓய்வுபெற்ற ஆசிரியரும், மாதர் சங்கத்தினரும், சனசமூக நிலையத்தாரும் மண்வெட்டியும் கடகமுமாகக் கூடிப் பூங்காவைத் துப்புரவு செய்கிறார்கள். செடியை வேரோடு பிடுங்குகிறார்கள். மழைநீர் தேங்கி நுளம்பு பெருகும் சிரட்டைகளையும் பழைய டயர்களையும் அகற்றுகிறார்கள். வேம்பும் மருதும் நட்டுக் கூடு கட்டுகிறார்கள். கூலி கேட்பதில்லை, பெயர்ப் பலகையும் கேட்பதில்லை. இவர்களைப் பாராட்ட வேண்டிய நம் சமூகமோ மூன்று விதமாக இவர்களை இழித்துரைக்கிறது. அம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது கூட்டத்தார் நம் அரசியல் மேடைகளிலேயே இருக்கிறார்கள். “இனத்தின் உரிமை கேட்டு நிற்கும் காலத்தில் பூங்காவுக்குத் தண்ணீர் ஊற்றுவதா?” என்பது இவர்கள் வினா. இவர்களுக்கு வரலாற்றையே விடையாகத் தருகிறேன். 1957 ஆம் ஆண்டுப் பண்டா - செல்வா ஒப்பந்தத்தில் பிரதேச சபைகளுக்குக் கேட்ட அதிகாரங்களுள் காணியும் விவசாயமும் முன்னின்றன. 1958 இல் அவ்வொப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்திலும் காணி எழுத்தளவில் வந்தது, கைக்கு வரவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நாம் கேட்டு நிற்பது மண்ணின் மீதான அதிகாரத்தையே. அவ்வதிகாரம் வேண்டுமென்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் கேட்பவனைப் பார்த்து உலகம் ஒன்று கேட்கும்: “உன் கையில் ஏற்கெனவே இருக்கும் கால் ஏக்கரை என்ன செய்தாய்?” அந்தக் கேள்விக்கு மேடைப் பேச்சு விடையாகாது, நிழல் தரும் மரமே விடையாகும்.

சுயாட்சி என்பது கொழும்பிலிருந்து ஒருநாள் பொதிகட்டி வரும் பண்டம் அன்று. பலர் கூடி ஒன்றை நிருவகித்தல், கணக்குக் காட்டுதல், முறை வைத்து உழைத்தல், கருத்து வேறுபட்டும் பிரிந்து போகாதிருத்தல் ஆகியவையே சுயாட்சி. பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைத்த கமக்காரனுக்கு இது புதிதன்று. அந்தப் பயிற்சி ஊர்ப் பொது நிலத்திலும் நிகழ வேண்டும் என்பதே நான் சொல்வது.

இரண்டாவது கூட்டத்தார் கற்றோர். “வரி கட்டுகிறோம், சபை செய்யட்டும். தொண்டர்கள் ஏன் சபையின் வேலையைச் செய்ய வேண்டும்?” என்கிறார்கள். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியை நானும் உரத்துச் சொல்வேன். வீட்டுக்கும் கடைக்கும் சபை வாங்கும் வரிக்கு நம் முன்னோர் ‘சோலைவரி’ என்றே பெயர் வழங்கினர். சோலைவரி வாங்கும் சபை சோலையை மறக்கலாமா? 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், மக்களின் சுகாதாரத்தையும் வசதியையும் நலனையும் பேணுவது சபையின் கடமை என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. தொண்டர் வந்துவிட்டார் என்பதால் அந்தக் கடமை கரைந்து போவதில்லை. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் 1832 இல் ஒழிக்கப்பட்டது. தொண்டரின் முதுகில் தன் கடமையை ஏற்றிவிட்டு, ஊழியரையும் வாகனத்தையும் வேறெங்கோ அனுப்பும் சபை, இராசகாரியத்தைப் புன்முறுவலோடு மீண்டும் கொண்டு வருகிறது.

எனினும் மற்றப் பாதி தவறு. சபை சபை என்று கைகாட்டும் கனவான்களே, அந்தச் சபை இருந்ததா? 2018 இல் தெரிவான உள்ளூராட்சிச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் 9 ஆம் நாள் நடக்க வேண்டிய தேர்தல், பணமில்லை என்ற சாட்டில் தள்ளிப் போடப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தலோ 2025 மே 6 ஆம் நாளே நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட காலம் நம் ஊர்ச் சபைகளில் மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் ஒருவரேனும் இல்லை. அக்காலத்தில் வாடிய கன்றுக்கு வரிப் பற்றுச்சீட்டைக் காட்டினால் அது தளிர்த்திருக்குமா? கன்றுக்குத் தேர்தல் தெரியாது, தாகந்தான் தெரியும். சபை வீழ்ந்தாலும் ஊர் வீழாதிருக்க, ஊரிடம் ஒரு கை எப்போதும் இருக்க வேண்டும்.

மூன்றாவது கூட்டத்தார் அதிகாரிகளும் ஒருநாள் உபகாரிகளும். இவர்கள் தொண்டை இகழ்வதில்லை. படம் பிடிப்பதற்காக வரவேற்கிறார்கள். 2014 இல் வடமாகாண சபை நவம்பரை மரநடுகை மாதமாக்கியது. பொருத்தமான தேர்வு, வடகீழ்ப் பருவமழை பெய்யும் காலம் அது. ஆனால் அந்த மழை மார்கழியோடு ஓய்ந்துவிடும். மாசி தொடங்கிப் புரட்டாதி வரை எட்டு மாதம் வானத்தை நம்பிக் கன்று வளர்க்க முடியாது என்பதைக் கமக்காரன் அறிவான். கார்த்திகையில் கன்றோடு நின்று படம் எடுத்தவர்களுள் எத்தனை பேர் வைகாசியில் வாளியோடு வந்தார்கள்? 2025 சனவரி முதலாம் நாள் ‘கிளீன் சிறீலங்கா’ என்னும் திட்டம் கொழும்பில் தொடக்கி வைக்கப்பட்டது. எந்த அரசின் திட்டமாயினும் ஒன்றே சொல்வேன்: சுற்றுநிருபத்தால் வந்த துப்புரவு சுற்றுநிருபத்தோடு போகும். பூங்காவுக்கு வேண்டியது ஒருநாள் விழா அன்று. ஆண்டு முழுவதும் வரும் கைகள்.

இனி, “ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு பூங்கா போனால் என்ன?” என்று கேட்போர்க்குச் சட்டத்தைக் கொண்டே சொல்கிறேன். தனியார் காணி பறிபோகும் வழி வேறு. பொதுக் காணி பறிபோகும் வழி வேறு. பொதுக் காணிக்கு வேலி நகர வேண்டியதில்லை. ஒரு ‘தற்காலிக’க் கொட்டகை, ஒரு குத்தகை, ‘அபிவிருத்தி’ என்ற ஒரு சொல் போதும். கொழும்பு காலிமுகத்திடலை நினைத்துப் பாருங்கள். பெண்களும் குழந்தைகளும் உலவுவதற்கென 1859 இல் ஆளுநர் ஹென்றி வோட் கல் நாட்டிப் பின்வருவோரிடம் ஒப்படைத்த வெளி அது. அதனை நகர அபிவிருத்தி அதிகார சபை தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க முற்பட்டது. அவ்வொப்பந்தம் செல்லாதென 2005 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. வழக்குத் தொடுத்தது அரசா? இல்லை, ஒரு பொதுநல அமைப்பு. பத்தரமுல்லையில் பொது நோக்கத்துக்கென எடுத்த காணி தனியாரின் கோல்ப் திடலாக மாறிய வழக்கிலும், 2008 இல் அதே நீதிமன்றம், பொதுச் சொத்து ஆட்சியாளரின் கையில் மக்களுக்காக இருக்கும் நம்பிக்கைப் பொறுப்பே என்று வற்புறுத்தி, முன்னாள் சனாதிபதி ஒருவருக்கே 30 இலட்சம் ரூபா செலுத்தக் கட்டளையிட்டது. அங்கும் வழக்காடி நின்றவர்கள் குடிமக்களே.

இத்தீர்ப்புகளின் சாரம் ஒன்று. பொதுச் சொத்துக்குக் காவல் சட்டப் புத்தகம் அன்று. அச்சொத்தைத் தமதென்று கருதி விழித்திருக்கும் மனிதர்கள். நாள்தோறும் போய்வரும் பூங்காவில் ஒரு மரம் வெட்டுண்டால் அன்று மாலையே கேள்வி பிறக்கும். எவரும் போகாத பூங்காவில் கட்டடம் எழுந்து கூரை வேய்ந்த பின்னரே ஊர் அறியும். 1990 முதல் வலிகாமம் வடக்கில் உறுதியும் தோம்பும் உள்ள காணிகளுக்கே நேர்ந்த கதியைக் கண்டவர்கள் நாம். உறுதியற்ற பொது வெளிக்கு நம் காலடியன்றி வேறென்ன சாட்சி உண்டு?

வீட்டில் முற்றமும் தோட்டமும் உள்ளவர்க்குப் பூங்கா ஒரு பொழுதுபோக்கு. முற்றமே இல்லாத தொழிலாளியின் பிள்ளைக்கு அதுவே முற்றம். முகாமிலும் நெருக்கமான குடியிருப்பிலும் வளர்ந்த குழந்தைக்கு அதுவே ஓடுவதற்குள்ள ஒரே வெளி. கோயில் வாயிலில் குலம் கேட்டு மறித்த சமூகம் நம்முடையது. 1968 இல் மாவிட்டபுரத்தில் நடந்ததை மறைப்பதால் பயனில்லை. பொதுப் பூங்காவின் நிழல் எவர் குலத்தையும் கேளாது. குலமும் சமயமும் பாராது பலர் ஒரே கடகத்தைத் தூக்கும் இடம் நம் ஊர்களில் வேறு எத்தனை உண்டு?

ஆயின் செய்ய வேண்டுவது என்ன? வழி நம் மண்ணிலேயே இருக்கிறது. 1933 இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்தில் நூல்களைச் சேர்த்து ஊராருக்குத் திறந்துவிட்டார். அன்பர்கள் கூடி 1934 இல் அதனைப் பொது நூல்நிலையமாக்கினர். 1935 இல் பட்டினசபை அதனைப் பொறுப்பேற்றது. அந்த விதையிலிருந்து எழுந்ததே 1959 இல் திறக்கப்பட்டு, 1981 இல் எரிக்கப்பட்டு, மீண்டும் எழுந்து நிற்கும் யாழ்ப்பாணப் பொது நூலகம். தொண்டர் தொடங்கினர்; சபை தோள் கொடுத்தது. ஒருவர் வந்ததும் மற்றவர் விலகிக்கொள்ளவில்லை.

கமக்காரருக்கு இன்னுமோர் உதாரணம் தெரியும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அந்தஸ்துக் கொடுத்தது. வயல் வாய்க்காலைப் பேணும் அமைப்புக்குப் பதிவும் கணக்கும் உரிமையும் உண்டெனில், ஊர்ப் பூங்காவைப் பேணுவோர்க்கு மட்டும் வாய்மொழி நன்றியோடு நிறுத்திக்கொள்வது எந்த நியாயம்? அதற்குப் புதுச் சட்டமும் வேண்டியதில்லை. சபை உறுப்பினரோடு ஊர்வாசிகளையும் சேர்த்துக் குழு அமைக்கப் பிரதேச சபைச் சட்டமே இடந் தருகிறது. சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது; சபைதான் தாழ்ப்பாளில் கை வைத்து நிற்கிறது.

ஆதலின் 2025 இல் மக்கள் வாக்கால் வந்த சபையினரிடம் நாம் கேட்பன இவை. ஒவ்வொரு பொதுப் பூங்காவுக்கும் நில அளவைப் படம் வரைவித்து, எல்லையையும் பரப்பையும் வாயிலிலேயே எழுதி வையுங்கள். தொண்டர் குழுவோடு எழுத்தில் உடன்படிக்கை செய்யுங்கள்: தண்ணீர், கருவி, குப்பை வண்டி, விளக்கு சபையின் பொறுப்பு, நடுதல், பேணல், கண்காணித்தல் குழுவின் பொறுப்பு. பூங்காவுக்கு ஒதுக்கும் பணத்தை வரவு செலவுத் திட்டத்தில் தனிவரியாகக் காட்டுங்கள். ஊர்க்கூட்டம் கூட்டாமல் ஒரு மரத்தை வெட்டவோ ஒரு முழ நிலத்தைக் குத்தகைக்கு விடவோ துணியாதீர்கள்.

தொண்டரிடமும் கேட்க வேண்டியது உண்டு. கணக்கு வையுங்கள், அதனைச் சனசமூக நிலையப் பலகையில் ஒட்டுங்கள். உங்கள் குழுவை ஒரு குலத்தின் குழுவாகவோ, ஒரு கட்சியின் கிளையாகவோ ஆக்காதீர்கள். என் கட்சிக்கும் அதில் இடங் கொடாதீர்கள். கல்லில் பெயர் பொறிக்க விரும்புவோரைப் பணிவோடு தவிர்த்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்துப் பழைய பூங்காவை 1829 முதல் 1867 வரை அரசாங்க அதிபராயிருந்த டைக் என்னும் ஆங்கிலேயரின் பெயரோடு இணைத்தே இன்றும் பேசுகிறோம். கடல் கடந்து வந்து ஆண்டவன் வைத்த நிழலில் அமர்ந்துகொண்டு, இம்மண் எமது என்று முழங்குவதில் நமக்கு நாணம் வேண்டாமா? இம்மண் எமதே. அதற்கு வரலாறு உறுதி எழுதித் தந்திருக்கிறது. ஆட்சியை நாமே நடத்திக் காட்ட வேண்டும். வரும் ஞாயிறு காலை உங்கள் ஊர்ப் பூங்காவில் மண்வெட்டிக்கு ஆள் தேவை. வழக்கறிஞரும் வரலாம், வைத்தியரும் வரலாம். கமக்காரர் முன்னே நின்று பிடிக்கும் முறையைச் சொல்லித் தரட்டும்.