பிகாச்சு ஏன் பேப்பரில் நிற்கல?

லாஸ்ட் பெஞ்ச்ல உட்கார்ந்து, நோட்டோட கடைசிப் பக்கத்துல பிகாச்சு வரையுற ஆளா நீங்க? அப்போ இந்த வார மேட்டர் உங்களுக்குத்தான்.

போக்கிமானுக்கு ஒரு நியூஸ்பேப்பர் வாழ்க்கையும் இருந்தது தெரியுமா? 1996-ல் ஜப்பானில் வீடியோ கேம், 1997-ல் கார்ட்டூன், 1998-ல் அமெரிக்க டி.வி. அந்த அலை உச்சத்தில் இருந்த 2000-ல், அமெரிக்கப் பேப்பர்களில் படக்கதையாகவும் வந்தது. எழுத்து ஜெரார்ட் ஜோன்ஸ், ஓவியம் ஆஷுரா பெனிமாரு இட்டோ. சின்னப் பசங்க உலகமே கொண்டாடின ஹீரோ... எத்தனை வருஷம் ஓடியிருக்கும்? 2001-லேயே மூட்டை கட்டியாச்சு! நம்ம ஊர் கார்ட்டூன் நெட்வொர்க்கில் 2003-ல் பிகாச்சு தலைகாட்டியபோது, அந்தப் படக்கதை முடிஞ்சே போயிருந்தது.

மவுசு குறைஞ்சிடுச்சா? அதெல்லாம் இல்ல பாஸ். 2016-ல் 'போக்கிமான் கோ' வந்து, ஆளுங்களை மொபைலும் கையுமா தெருத்தெருவா அலையவிட்டதே! அப்போ பேப்பர்ல மட்டும் என்ன சிக்கல்?

நமக்குத் தோணுறது இதுதான். பிகாச்சுவோட கெத்தே அந்தக் குரலும் துள்ளலும். நாலு கட்டத்துக்குள்ள அடைச்சா அது ஊமை. அதோட, அது லைசென்ஸ் கேரக்டர். வரையுறவர் இஷ்டத்துக்கு அதை மாத்த முடியாது. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கணும்னாகூட ஓனரைக் கேட்கணுமே, அந்தக் கதைதான்!

ரிவர்ஸ்ல பாருங்க. ஸ்னூப்பி நாய்க்குட்டி வர்ற 'பீனட்ஸ்' 1950-ல் பேப்பரிலேயே பிறந்தது. 1965-ல்தான் டி.வி-க்குப் போனது. சார்லஸ் ஷூல்ஸ் 2000 வரை தன் கையாலேயே வரைந்தார்.

அவ்வளவு தூரம் ஏன்? திருவொற்றியூர் ஹைரோட்டில் ஏதாவது ஒரு டீக்கடை பெரியவரிடம் 'கன்னித்தீவு'ன்னு சொல்லிப் பாருங்க, முகமே மாறும். 1960-ல் தினத்தந்தியில் ஆரம்பிச்சு, அரை நூற்றாண்டைத் தாண்டி ஓடிய படக்கதை. சிந்துபாத்தும் இரவல் ஆசாமிதான், அரபுக் கதையிலிருந்து வந்தவர். ஆனா அந்தப் பழங்கதைக்கு ஓனர் கிடையாது. அதனால நம்ம பேப்பர் அவரை இஷ்டப்படி கடல்கடலா அலையவிட்டது. 'நாளைக்கு என்ன?'ங்கிற ஒரே கேள்வியில் வண்டி ஓடியது.

கை பழக பிகாச்சு வரையுங்க, தப்பே இல்ல. ஆனா நாளைக்கு அனிமேஷன் கம்பெனி வாசலில் நிற்கும்போது, ஃபைல் முழுக்க அடுத்தவங்க கேரக்டராவே இருந்தா உங்களை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

நம்ம ஏரியாவில் கதைக்கா பஞ்சம்? கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கிட்டு எக்ஸாமுக்கு ஓடுற பையன், விம்கோ நகர் மெட்ரோவில் மீன்கூடையை மோப்பம் பிடிக்கிற பூனை, காசிமேட்டு வலைக்கு டிமிக்கி கொடுக்குற நண்டு... எல்லாம் ஆள் கிடைக்காம காத்திருக்கு.

இன்னிக்கே அந்தக் கடைசிப் பக்கத்தில் நாலு கட்டம் போடுங்க. உள்ளே யார் வரணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஓனர் நீங்கதான்!