மார்ச் 31-ம் தாத்தா போட்டோவும்

மார்ச் 31 என்றால் வணிகவியல் படிக்கிறவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். கணக்கு முடிக்கிற நாள். கம்ப்யூட்டர்காரர்களுக்கு அந்த நாள் வேறு. 2011-ல் இருந்து அது "உலக பேக்கப் தினம்". மறுநாள் ஏப்ரல் 1-ல் முட்டாள் ஆகாமல் இருக்க, இன்றைக்கே கணினியில் இருப்பதை நகல் எடுத்து வை என்று வேடிக்கையாக விளக்கம் சொல்கிறார்கள்.

இரண்டும் ஒரே தேதியில் வருவது தற்செயல். ஆனாலும் சேர்த்து யோசித்தால் ஒரு அநியாயம் தெரியும். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 128-வது பிரிவு, கணக்குப் புத்தகங்களை எட்டு வருடம் காப்பாற்றி வைக்கச் சொல்கிறது. கணினியில் கணக்கு வைத்தால் அதன் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும். முன்பு "அவ்வப்போது" எடுத்தால் போதும் என்றிருந்ததை 2022 ஆகஸ்டில் "தினமும்" என்று மாற்றிவிட்டார்கள். ஆக, எவனோ குடித்த டீக்கு எழுதிய வவுச்சருக்குச் சட்டமே காவல் நிற்கிறது. தாத்தாவின் கடைசி போட்டோவுக்கு யார் காவல்?

யாரும் இல்லை. வீட்டு ஹால் மூலையில் துணி போர்த்திய ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் டி டிரைவ். அதற்குள் "நியூ ஃபோல்டர் 3". பத்து வருடக் குடும்ப வரலாறு அங்கேதான் கிடக்கிறது.

ஃபிலிம் காலத்தில் இவ்வளவு மோசம் இல்லை. ஸ்டூடியோவில் கல்யாணப் படம் எடுத்தால் பிரின்ட் வீட்டுக்கு வரும், நெகட்டிவ் பெரும்பாலும் ஸ்டூடியோவிலேயே தங்கிவிடும். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, ஆனால் அதுதான் பேக்கப்! ஆல்பத்தைக் கரையான் அரித்தால் ஸ்டூடியோக்காரரிடம் போய்க் கெஞ்சலாம். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் பிடித்து டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. ஸ்டூடியோக்களில் ஏதோ மிஞ்சிக் கிடந்ததால்தானே தேடவே முடிந்தது?

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கண்ணெதிரே இருக்கிறது. ரமண மகரிஷி என்றதும் மனதில் வரும் அந்தச் சிரித்த முகம், 1946-ல் வெல்லிங் எடுத்த படம். ஊரில் டீக்கடை, லாட்ஜ், ஆட்டோ எங்கு பார்த்தாலும் அந்த முகம். அதில் ஒன்று கிழிந்தால், ஏன் ஆயிரம் கிழிந்தால்கூட, படம் அழியாது. கிரிவலப் பாதையில் இருக்கும் எந்தக் குடும்பத்தின் தாத்தாவுக்கும் அந்த வசதி கிடையாது.

இப்போது போட்டோகிராபர் ஒரு பென் டிரைவ் தருகிறார். கொஞ்ச நாள் தன் கம்ப்யூட்டரில் வைத்திருப்பார். அடுத்த முகூர்த்தம் வந்ததும் இடம் வேண்டுமே, அழித்துவிடுவார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அதன்பிறகு உலகத்தில் இருப்பது அந்த ஒரு பென் டிரைவ்தான்.

சரி, அழிந்துவிட்டது. மீட்க முடியுமா? சில நேரம் முடியும். ஒரு லெட்ஜரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்க இன்டெக்ஸில் ஒரு பெயரை அடித்துவிட்டால், உள்ளே அந்தக் கணக்கு எழுதிய பக்கம் மறைந்துவிடாது. "இது காலிப் பக்கம்" என்று ஆகிவிடும், அவ்வளவுதான். வேறு கணக்கை யாராவது அதன்மேல் எழுதும்வரை பழைய எழுத்து அப்படியே இருக்கும். மெமரி கார்டிலும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கிலும் டெலீட் என்பது பெரும்பாலும் இதுதான்.

அதனால் முதல் வேலை, கையை எடுப்பது! கார்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இன்னொரு படம்கூட எடுக்கக் கூடாது. போட்டோரெக், ரெகூவா போன்ற இலவச மென்பொருள்களை வேறு டிரைவில் போட்டுத் தேடலாம். மீட்ட படங்களையும் வேறு இடத்தில்தான் சேமிக்க வேண்டும். போட்டோரெக்கில் படம் வரும், பழைய பெயர் வராது. ஆனால் பதற்றத்தில் ஜனங்கள் செய்வது நேர் எதிர். தொலைந்த டிரைவிலேயே வரிசையாக நாலு மென்பொருளை இறக்கி, மிச்சம் இருந்ததையும் தாங்களே மூடிவிடுகிறார்கள்.

புது லேப்டாப்களில் இந்த லெட்ஜர் கதையும் செல்லாது. எஸ்எஸ்டி டிஸ்க்கில் ட்ரிம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. அழித்த பக்கத்தை அதுவே கொஞ்ச நேரத்தில் துடைத்துவிடும். போனிலும் எல்லாம் பூட்டிச் சேமிக்கப்படுவதால், "எந்தப் படத்தையும் மீட்போம்" என்று விளம்பரம் செய்யும் ஆப்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். முதலில் போனின் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். ஐபோனில் 30 நாள் வரை இருக்கும். கூகுள் போட்டோஸில் ஏற்றிய படம் என்றால் 60 நாள். ஹார்ட் டிஸ்க் "டக் டக்" என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் லேப் வேலை. ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், உத்தரவாதம் தர மாட்டார்கள்.

"எல்லாம் கூகுளில் இருக்கே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ல் முடிந்துவிட்டது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. அது நிரம்பினால் புதுப் படம் ஏறாது, அந்த எச்சரிக்கையை வீட்டில் யாரும் படிப்பதும் இல்லை. அதோடு, அந்த ஆப்பில் ஒரு படத்தை அழித்தால் மேலே இருப்பதும் சேர்ந்து போகும். இரண்டு இடத்தில் தெரிகிறது என்பதால் இரண்டு பிரதி இருக்கிறது என்று ஆகிவிடாது.

பெரிய இடங்களிலும் இதே கூத்துதான். 1998-ல் பிக்ஸாரில் "டாய் ஸ்டோரி 2" படத்தின் கோப்புகள் தவறான ஒரு கட்டளையால் மளமளவென்று அழிந்தன. பேக்கப்பை எடுத்துப் பார்த்தால் அது சரியாக வேலை செய்திருக்கவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு பெண்ணின் கம்ப்யூட்டரில் இருந்த நகல்தான் காப்பாற்றியது. (பேக்கப் எடுத்தால் போதாது, திறந்து பார்க்கவும் வேண்டும்!)

அந்த நகல் "வேறு வீட்டில்" இருந்தது என்பதைக் கவனியுங்கள். 2024 டிசம்பர் 1-ம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலையில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. அந்தத் துயரத்துக்குப் பக்கத்தில் வைத்து ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வீடே போகும்போது ஆல்பம், கம்ப்யூட்டர், பீரோவில் வைத்த பேக்கப் மூன்றும் சேர்ந்துதான் போகும். மிஞ்சியவர்களுக்கு அந்த முகங்கள் வேண்டும் என்றால் அவை வேறு கூரைக்குக் கீழே இருந்திருக்க வேண்டும்.

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பிரபலமாக்கிய 3-2-1 கணக்கு இதைத்தான் சொல்கிறது. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வெளியூரில். டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரில் சொருகியே வைத்திருப்பதும் ஆபத்து. 2017 மே மாதம் வந்த வான்னாக்ரை மாதிரி ஒன்று புகுந்தால், சொருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

வெளியூருக்கு எப்படி அனுப்புவது? திருவண்ணாமலையில் இருப்பவர்களுக்கு இது ரொம்பச் சுலபம். கார்த்திகை தீபத்துக்கு வராத சொந்தம் உண்டா? வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் சித்தப்பா திரும்பும்போது, முறுக்குப் பொட்டலத்தோடு ஒரு டிஸ்க்கையும் கொடுத்துவிடலாம். அடுத்த தீபத்துக்கு அதைக் கொண்டுவந்து, புதுப் படங்கள் சேர்த்த இன்னொன்றை வாங்கிப் போவார். சித்தி பார்த்துவிடுவாரோ என்று பயந்தால் பாஸ்வேர்டு போட்டுக் கொடுங்கள். :) அந்தப் பாஸ்வேர்டு மட்டும் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.