சென்சாரைத் தூக்கில் போடாதீங்க!

எங்க சித்தப்பா கீழ்பென்னாத்தூர்ல வாடகைக் கார் ஓட்டறார். பௌர்ணமின்னா திருவண்ணாமலைக்கு ஓயாம சவாரி. அந்த வண்டியில என்ஜின் விளக்கு எரிஞ்சுது. ஒர்க்‌ஷாப்ல ஆக்சிஜன் சென்சாரை மாத்தினாங்க. விளக்கு அணைஞ்சுது. ரெண்டு வாரத்துல மறுபடி எரிஞ்சுது. மறுபடி சென்சார். அப்புறம் மூணாவது! மைலேஜும் போச்சு, சவாரியும் போச்சு.

ஸ்கேனர் காட்டினது பி0171. "கலவையில பெட்ரோல் கம்மி, காத்து அதிகம்"னுதான் அதுக்கு அர்த்தம். சென்சார் செத்துப்போச்சுன்னு எங்கேயும் சொல்லலை. திருடனைப் பாத்து குலைச்ச நாயை அடிச்ச கதையால்ல இருக்கு?

பழைய பிஎஸ்4 வண்டிகள்ல இருக்கிற ஜிர்கோனியா சென்சார் ரொம்ப எளிமையான ஆளு. புகையில ஆக்சிஜன் அதிகமா இருந்தா 0.1 வோல்ட், கம்மியா இருந்தா 0.9 வோல்ட் பக்கம் காட்டும். எங்க வண்டியில அது ஐடில்ல கீழயே படுத்துக் கிடந்துது. 2500 ஆர்பிஎம்ல ஜோரா ஏறி இறங்குச்சு. செத்த சென்சார் இப்படி ஆடுமா?

அப்புறம் யார் குற்றவாளி? சென்சாருக்கு முன்னால இருக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட். காலையில ஸ்டார்ட் பண்ணினா 'டிக் டிக்'னு சத்தம், சூடானா அடங்கிடும். இணைப்புல கரி படிஞ்சிருந்துது. குளிர்ந்த என்ஜின்ல சோப்புத் தண்ணி விட்டு ஸ்டார்ட் பண்ணினோம், குமிழி வந்துது. அந்த ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ளே போயிருக்கு. சென்சார் கண்டதைச் சொல்லியிருக்கு. அதை நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊத்து ஊத்துன்னு ஊத்தியிருக்கு.

"மாத்தினா விளக்கு அணைஞ்சுதே?"ன்னு கேப்பீங்க. அணைஞ்சதுக்குக் காரணம் புது சென்சார் இல்லைங்க, கோடை அழிச்சது! கூடவே கம்ப்யூட்டர் கத்து வெச்ச பெட்ரோல் கணக்கும் அழிஞ்சிடும். அது திரும்பக் கத்துக்கிட்டு எல்லையைத் தொடற வரைக்கும் நிம்மதி. அவ்வளவுதான்.

மெக்கானிக்கை மட்டும் திட்டினா போதாது. டாக்டர் பாத்தாலே ஃபீஸ் தர்றோம். மெக்கானிக் ஒரு மணி நேரம் தேடினா, "சும்மா பாத்ததுக்கு எதுக்குக் காசு?"ங்கறோம். அப்போ அவர் எதை வித்து சம்பாதிப்பார்? பாகத்தைத்தான்!

நாம மட்டும் என்ன யோக்கியமா? இந்த சென்சாரை 13 மார்க் கேள்விக்குப் படம் வரைஞ்சு பாகம் குறிச்சோமே, ஒருத்தராவது மல்டிமீட்டர் வெச்சு அளந்து பாத்தோமா? நானும் இல்லை. :-)

அடுத்த தடவை "சென்சார் போச்சு"ன்னு யாராவது சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எப்படி அளந்தீங்க?" பதில் வரலைன்னா பர்ஸைத் திறக்காதீங்க. அளந்து காட்டினார்னா, அந்த உழைப்புக்கும் சேர்த்துக் காசு கொடுங்க.

எங்க கேஸ்கெட் விலை சில நூறு ரூபாய்தான். ஒழுங்கா வேலை செஞ்ச ரெண்டு சென்சார் இன்னும் சித்தப்பா டிக்கியில தூங்குது.