நாற்பது வயதும் தொழிற்பயிற்சியும்

2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் டாட்டா கன்ஸல்டன்ஸி சர்வீஸஸ் கம்பெனியார் தங்கள் சிப்பந்திகளில் நூற்றுக்கு இருவரை, அதாவது சுமார் 12,000 பேரை, விலக்கப் போவதாக அறிவித்தார்கள். பெரும்பாலும் நடுத்தர, மேல் படிகளில் இருப்பவர்களையே இது பாதிக்கும் என்றும் அப்போது சொல்லப்பட்டது. இளைஞருக்கு வேலையில்லை என்ற கூக்குரல் நமக்குப் பழகிப் போயிற்று. நாற்பத்தைந்தாவது வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவனுடைய கதி என்ன என்று கேட்பார் அநேகமாக இல்லை. அவன் கூக்குரலிடுவதுமில்லை, மகளுடைய கல்லூரிச் சம்பளத்தைக் கணக்கிட்டுக்கொண்டு மௌனமாயிருக்கிறான்.

அத்தகையோரில் பலருக்கு ஏற்ற தொழில் ஒன்றுண்டு. வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் நேரில் சென்று கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பதே அது. பட்டதாரிகள் இதைக் கேட்டு முகஞ்சுளிக்கலாம். சட்டம் படித்த நம்மையும் சேர்த்தே சொல்லுகிறோம்: கைவேலையைத் தாழ்வாக எண்ணும் புத்தி நமது ஜாதி வழக்கத்தில் பிறந்து, ஆங்கிலப் படிப்பில் வளர்ந்தது.

எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே சரி செய்துவிடும் இக்காலத்தில் நேரில் செல்லும் தொழிலாளி எதற்கு என்பாருமுண்டு. அவர்கள் 2024-ஆம் வருஷம் ஜூலை 19-ந் தேதியை மறந்துவிட்டார்கள். கிரௌட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி அனுப்பிய ஒரு பிழையான திருத்தத்தால், மைக்ரோஸாப்ட் கம்பெனியாரின் மதிப்பின்படி, சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் செயலற்றுப் போயின. நமது விமான நிலையங்களிலும் பிரயாணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். யந்திரம் எழும்பவே மறுத்தபோது தூரத்து நிபுணரால் பயனில்லை. பல இடங்களில் ஒவ்வொன்றின் முன்பும் ஓர் ஆள் போய் உட்கார்ந்து, அதைத் தனி முறையில் எழுப்பி, கெட்ட பைலை அழிக்க வேண்டியதாயிற்று.

நிற்க. இத்தொழிலில் வயது ஒரு குறையன்று. ரேம் துண்டைக் கழற்றித் துடைத்து மாட்டவும், பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தவும், எட்டு நிறக் கம்பிகளை வரிசை தவறாமல் இணைப்பு முனையில் செருகவும் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். ஒரு மருந்துக்கடைக்காரர் பதறிக்கொண்டு சொல்லுவதை முழுதும் கேட்பதும், யந்திரத்தில் கைவைக்குமுன் அவருடைய கணக்குகளைப் பிரதி எடுத்து வைப்பதும், அதிலுள்ள பிறர் ரகசியங்களைப் பாராதிருப்பதும் அவ்வளவு எளிதில் வருவனவல்ல. இருபது வருஷம் உத்தியோகம் பார்த்தவனிடம் இவை பெரும்பாலும் முன்பே இருக்கின்றன.

கஷ்டங்களை மறைப்பது யோக்கியமன்று. வெயிலில் மோட்டார் சைக்கிளில் அலைய வேண்டும், யு.பி.எஸ். பாட்டரியைத் தூக்கி மாடி ஏற வேண்டும். அழைப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசும் ஏஜெண்டுகளிடம் சேமநிதியும் இல்லை, லீவும் இல்லை. முதல் வருஷ வரும்படி பழைய சம்பளத்தின் அருகிலும் வராது. இதை அறிந்தே இறங்க வேண்டும்.

ஆனால் இறங்க விரும்புகிறவனைச் சர்க்கார் எவ்வாறு வரவேற்கிறது? அப்ரண்டிஸ்களுக்கு உதவித்தொகை தரும் தேசியத் திட்டம் 14 முதல் 35 வயது வரை. பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்தின் நான்காம் கட்டத்தில் குறுகிய காலப் பயிற்சிக்கு 45. பெரிய கம்பெனிகளில் பழகுவதற்கென்று 2024-இல் தொடங்கிய திட்டத்திலோ அவ்வருஷம் 24-க்கு மேல் இடமிருக்கவில்லை. தமிழ்நாட்டுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் 2025-ஆம் வருஷச் சேர்க்கையில் ஆண்களுக்கு 40 வயதை எல்லையாக வைத்தன. பெண்களுக்கு உச்ச வரம்பில்லை. பெண்களுக்குச் செய்தது முற்றிலும் நியாயமே. அதனால் எந்தப் பயிற்சிக் கூடமும் இடிந்து விழவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அப்படியிருக்க, 41 வயது ஆண்மகனை வாசலிலேயே நிறுத்துவதற்கு என்ன முகாந்தரம்? ஸ்தானங்கள் குறைவு, இளைஞருக்கே முதலிடம் என்பார்கள். முதலிடம் கொடுக்கட்டும், அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. முதலிடம் கொடுப்பது வேறு, கதவை அடைப்பது வேறு.

அமெரிக்காவில் தோன்றி இங்கும் எழுதக்கூடியதான காம்ப்டியா ஏ-பிளஸ் என்ற பரீட்சை 1993 முதல் நடந்துவருகிறது. இரண்டு தாள்கள், பட்டம் கேட்பதில்லை, உச்ச வயதும் கேட்பதில்லை. வினாவுக்கு விடை தெரியுமா என்பதொன்றே கேள்வி. அதற்கான கட்டணம் வேலையிழந்த குடும்பஸ்தனுக்குப் பாரம் என்பதால்தான் அவன் சர்க்கார் பயிற்சியை நாடுகிறான். அங்கும் இடமில்லையென்றால், "நிச்சய வேலை" என்று சுவரில் எழுதிப் பணம் பறிக்கும் தனியாரிடம் அகப்பட்டுக்கொள்கிறான்.

கம்ப்யூட்டர் ஹார்டுவேர், நெட்வொர்க் பராமரிப்பு என்ற பாடம் நமது தொழிற்பயிற்சி முறையில் முன்பே இருக்கிறது. புதிதாக ஒன்றும் கட்ட வேண்டுவதில்லை. பகல் வகுப்பு முடிந்தபின் அதே கூடத்தில், அதே யந்திரங்களைக் கொண்டு, நாற்பதைக் கடந்தவர்களுக்கு மாலை வகுப்பு வைக்கலாம். இளைஞரின் ஸ்தானம் ஒன்றுகூடக் குறையாது. அடுத்த சேர்க்கை அறிவிப்பு வெளியாகுமுன் நமது சட்டசபை அங்கத்தினர்களிடம் இதை நேயர்கள் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் பதிலை நமக்கும் எழுதியனுப்ப வேண்டும்.