ஒளியை உண்ணும் முருகைக்கல்

சாய்ந்தமருதிலிருந்து ஒரு மாணவர் எழுதிய கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. கத்தாரில் தொழில் பார்க்கும் அவருடைய காக்கா விடுமுறையில் வந்தபோது, கடல் உயிரினங்களை வளர்க்கும் தொட்டிகளுக்கென்றே செய்யப்பட்ட எல்.ஈ.டி. விளக்கொன்றைக் கொண்டுவந்து கொடுத்தாராம். மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியும் ஆயத்தமாக இருக்கிறதாம். "அடுத்த விடுமுறையில் பாசிக்குடாவுக்குப் போய் இரண்டு மூன்று முருகைக்கற்களை வாளியில் உயிரோடு எடுத்துவர எண்ணியிருக்கிறேன். விளக்கை எத்தனை மணி நேரம் எரியவிட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி நல்ல கேள்வி. வாளிதான் வேண்டாம். ஏன் என்பதைப் பின்னர் கூறுவேன். முதலில் விளக்கைப் பார்ப்போம்.

முருகைக்கல் என்று நாம் அழைப்பது உண்மையில் கல் அன்று. எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய சுண்ணாம்பு வீடு. நகைக்கடையில் காணும் செம்பவளமும் இதற்கு உறவே. திருக்குர்ஆன் முத்தோடு சேர்த்துக் கூறும் 'மர்ஜான்' என்ற சொல்லையும் மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் பவளம் என்றே தருவர். ஆனால் மத்தியதரைக் கடலின் செம்பவளம் வெயில் எட்டாத மங்கலான இடங்களில் வளர்வது. நம் கரையோர முருகைக்கல்லோ ஒளியின்றி வாழாது. அதன் சதைக்குள் ஓரணுப் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு சர்க்கரை ஆக்கி, அதில் பெரும்பகுதியை வீட்டுக்காரனுக்கே வாடகையாகக் கொடுத்துவிடுகின்றன. பாசிக்குடாவின் பெயரிலேயே பாசி இருப்பது எவ்வளவு பொருத்தம்!

1928-29 இல் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புத் திட்டுக்குச் சென்ற பிரித்தானிய ஆய்வுக் குழுவினர், மோறிஸ் யங் என்பவரின் தலைமையில், முருகைக்கற்களை இருட்டுப் பெட்டிகளில் அடைத்து வைத்துப் பார்த்தனர். நாளடைவில் அவை தம் பாசிகளை வெளியேற்றி வெளிறிப் போயின. பசித்த வீட்டில் குடியிருப்பாளர் தங்குவதில்லை போலும்.

அப்படியானால் வீட்டுக் குழல்விளக்கு போதாதா? போதாது. நண்பகல் வெயிலின் செறிவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். இரவில் நன்றாக விளக்கெரியும் கூடத்தில் அது சில நூறு லக்ஸ் மட்டுமே. கண் வெளிச்சத்துக்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொள்வதால் நமக்கு இந்த வேறுபாடு உறைப்பதில்லை, பாசிக்கு உறைக்கும். நிறமும் ஒரு விஷயம். கடல்நீர் செந்நிற ஒளியை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடுகிறது. நீலமே ஆழத்துக்கு இறங்குகிறது. காக்கா கொண்டுவந்த விளக்கு நீலம் பாய்ச்சுவதன் காரணம் இதுவே.

இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். 1961 இல் யகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், தொட்டியில் முருகைக்கல்லை உயிரோடு வைத்திருக்கும் தம் முறையை ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புச் சஞ்சிகையில் எழுதினார். கடல்நீர், உயிருள்ள பாறைத்துண்டுகள், மெல்லிய காற்றுக்குமிழிகள், சன்னல் வழி வரும் வெயில் என இவ்வளவுதான் அவருடைய கருவிகள்! நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை தள்ளி வாழும் நாம் வெளிச்சத்தை விலைகொடுத்து வாங்குவது வேடிக்கையே. ஆயினும் கல்முனை வெயில் ஒரு சிறு தொட்டியைப் பகலுக்குள் காய்ச்சிவிடும். நீரின் வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் முருகைக்கல்லுக்கு ஆபத்து. 25 முதல் 27 வரை இருப்பது நன்று. அந்த வகையில் எல்.ஈ.டி. விளக்கு குற்றமற்றது.

புதியவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் குறைந்த ஒளியால் நேர்வதன்று. ஒரேயடியாகக் கொட்டும் ஒளியால் நேர்வது. பழகிய அளவை மீறி ஒளி பாய்ந்தால், பாசி அதனைச் செலவிட வழியின்றி நச்சுத்தன்மையுள்ள ஒட்சிசன் வகைகளை உண்டாக்குகிறது. முருகைக்கல் அப்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெண்மையாகிறது. 1998 இல் இந்து சமுத்திரம் எங்கும் திட்டுகள் வெளுத்தபோதும் நிகழ்ந்தது இதுதான். அப்போது கடல்நீரின் மிகுவெப்பம் தொடக்கி வைத்ததைக் கடும் வெயில் முற்றுவித்தது. வெளுத்த கல் அப்போதே செத்துவிடுவதில்லை. அது பட்டினி கிடக்கிறது.

ஆதலின், கத்தாரில் காக்கா ஒரு தொட்டி வைப்பாரானால் அவருக்கு இதனைச் சொல்லலாம். புதுத்தொட்டியில் நீரூற்றி நான்கு முதல் ஆறு கிழமை வரை பொறுத்திருக்க வேண்டும். அமோனியாவை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருகுமுன் எதனையும் குடியேற்றலாகாது. உப்பு, லீற்றருக்கு 35 கிராம் அளவில். துண்டு வந்த நீரோடு தொட்டி நீரைத் துளித்துளியாகக் கலந்து, இரண்டும் ஒத்த பின்னரே உள்ளே விடவேண்டும். சதைப்பகுதியில் விரல் படலாகாது. அடிக்கல்லையே பற்ற வேண்டும். முதலில் தொட்டியின் அடியில் வைத்து, விளக்கை மூன்றில் ஒரு பங்கு வலிமையில் நாளுக்கு எட்டு மணி நேரம் மட்டும் எரிக்கட்டும். வலிமையைக் குறைக்க இயலாத விளக்காயின், நுளம்பு வலையை நாலைந்து மடிப்பாகத் தொட்டியின்மேல் விரித்து, சில நாளுக்கு ஒரு மடிப்பாக எடுத்துவிடலாம். மூன்று நான்கு கிழமை சென்ற பின்னரே கல்லை மேலே உயர்த்துவது பற்றி எண்ணலாம். அவசரக்காரருக்கு இது ஆகாது.

காக்காவுக்கு என்றேன், தம்பிக்கு என்று சொல்லவில்லை. வெளிநாடுகளில் பண்ணையில் வளர்த்த துண்டுகளை உரிய பத்திரங்களோடு விற்கிறார்கள். நம் நாட்டிலோ கல்முருகை இனங்கள் யாவும் சட்டத்தால் காக்கப்பட்டவை. கடலிலிருந்து ஒரு கிளையை உடைத்தெடுப்பதும் குற்றம். சுண்ணாம்புக் காளவாய்களுக்காகக் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதை 1988 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் தடுத்தது. சர்வதேச உடன்படிக்கையின்படி, காக்கா அங்கிருந்து ஒரு துண்டைக் கொண்டுவருவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

கடலுக்குள்ளேயே முருகைக்கல்லை இடம்பெயர்ப்பவர்களும் உண்டு. மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடித் தீவுகளருகே பல ஆண்டுகள் முருகைக்கல் வெட்டியெடுக்கப்பட்டது. அங்கே சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் உயிருள்ள துண்டுகளைச் சட்டங்களில் பொருத்திக் கடலடியில் நட்டு வருகின்றனர். ஒளியும் ஓட்டமும் ஒத்த இடத்தில் நட்டால்தான் துண்டு பிழைக்கும்.

தம்பியின் விளக்கு வீணாகவேண்டியதில்லை. நீலத்தைக் குறைத்து வெண்மையைக் கூட்டினால் அதே தொட்டியில் நன்னீர்ச் செடிகளை வளர்க்கலாம். பாசிக்குடாவுக்கும் போகட்டும், வாளிக்குப் பதிலாக நீர்க்கண்ணாடி ஒன்றை எடுத்துச் செல்லட்டும். கற்களின்மேல் காலூன்றாமல் மிதந்தபடி பார்க்கட்டும். வெயில் நன்கு படும் ஆழமற்ற இடத்தில் சில இனங்கள் தடித்த கிளைகளாக நிற்கும். ஆழம் கூடக்கூட அவ்வினங்களே ஒளியை ஏந்தத் தட்டுப்போல் அகன்று விரிவதுண்டு. எத்தனை அடி ஆழத்தில் எந்த வடிவம் கண்டார் என்பதை எழுதியனுப்பினால், இப்பகுதியில் அதனை வெளியிடுவோம்.